மேஜை மேல் ஒரு மலை ரயில்!

என்ன குட்டீஸ், லீவு விட்டாச்சா? வீட்டில் பழைய செய்தித்தாள் கட்டு இருக்கிறதா? டீ வடிகட்டியதும் அம்மா கொட்டுகிற டீத்தூள்? தென்னை விளக்குமாற்றிலிருந்து நாலு ஈர்க்குச்சி உருவ முடியுமா? அப்படியானால் கவலையே இல்லை. இந்த லீவில் ஒரு மலையையே கட்டிவிடலாம், வாங்க!

சும்மா மலை இல்லை. ரயில் ஓடுகிற மலை. பாறை, தேயிலைத் தோட்டம், நீரோடை, கடைத்தெரு எல்லாம் உள்ள மலை. மாடல் ரயில் செய்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "ரயில் செய்வது பாதி வேலைதான். அதைச் சுற்றி ஊரையும் மலையையும் செய்வதுதான் மீதி வேலை" என்பார்கள். அந்த மீதி வேலையைத்தான் இன்று கற்றுக்கொள்ளப் போகிறோம்.

எந்த மலை?

நாம் செய்யப்போவது டார்ஜிலிங் மலை ரயில். மேற்கு வங்காளத்தில், இமயமலை மேல் ஏறுகிற பொம்மை ரயில் அது. 1879-ல் வேலை தொடங்கி, 1881-ல் டார்ஜிலிங் வரை பாதை போட்டு முடித்தார்கள். நீளம் சுமார் 88 கிலோமீட்டர். 1999-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நம்ம ஊட்டி ரயிலுக்கு அந்தப் பெருமை 2005-ல் கிடைத்தது. அப்படிப் பார்த்தால் டார்ஜிலிங் ரயில், ஊட்டி ரயிலுக்கு அக்கா!

அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஊட்டி ரயிலின் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 1 மீட்டர். டார்ஜிலிங்கில் வெறும் 2 அடி, அதாவது 610 மில்லிமீட்டர்தான். உங்கள் பள்ளி டெஸ்க் அகலத்துக்குள் அடங்கிவிடும்! இதைத்தான் குறுகிய ரயில் பாதை, அதாவது நேரோ கேஜ் என்கிறார்கள்.

ஏன் இவ்வளவு குறுகலாகப் போட்டார்கள்? மலைச்சரிவில் ரயில் போக வேண்டும் என்றால், சரிவை வெட்டி ஒரு படி மாதிரி இடம் உண்டாக்க வேண்டும். பாதை குறுகலாக இருந்தால் கொஞ்சம் வெட்டினால் போதும். குட்டி ரயில் சின்ன வளைவிலும் திரும்பிவிடும். செலவும் குறைவு. அதே காரணத்தால்தான் நம் மேஜைக்கும் இந்த ரயில் பொருத்தமாக இருக்கிறது.

இன்னொரு கதையும் உண்டு. பாதை போடும்போது ஓர் இடத்தில் மலை செங்குத்தாக நின்றதாம். பொறியாளர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாராம். அப்போது அவருடைய மனைவி, "முன்னால் போக முடியாவிட்டால் பின்னால் வரலாமே!" என்றாராம். நிஜமோ கதையோ, அந்த ரயில் இன்றைக்கும் அப்படித்தான் ஏறுகிறது. சில இடங்களில் கொஞ்ச தூரம் முன்னே போய், நின்று, பின்பக்கமாகவே ஏறி, மறுபடியும் முன்னே போகும். மலையில் கோணல் மாணலாகக் கோடு கிழித்தது மாதிரி இருக்கும்.

முதலில் கொஞ்சம் கணக்கு

முகத்தைச் சுளிக்காதீர்கள். இது ஜாலி கணக்கு!

மாடல் செய்வதில் முதல் விதி: எல்லாவற்றையும் ஒரே எண்ணால் வகுக்க வேண்டும். நாம் 76 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். உலகம் முழுவதும் மாடல் ரயில்காரர்கள் பயன்படுத்தும் அளவுகளில் இதுவும் ஒன்று.

610 மில்லிமீட்டர் பாதையை 76-ஆல் வகுத்தால் 8 மில்லிமீட்டர் வரும். ஆனால் கடைகளில் கிடைக்கும் குட்டித் தண்டவாளத்தின் இடைவெளி 9 மில்லிமீட்டர். அதனால் பெரும்பாலானோர் அந்த ஒரு மில்லிமீட்டரைக் கண்டுகொள்ளாமல் 9 என்றே வைத்துக்கொள்கிறார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

167 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆள் = 22 மில்லிமீட்டர்.
2 மீட்டர் உயர வாசற்கதவு = 26 மில்லிமீட்டர்.
இடுப்பளவு தேயிலைச் செடி = 1 சென்டிமீட்டர்.
15 மீட்டர் உயர மரம் = ஏறக்குறைய 20 சென்டிமீட்டர்!

கடைசி வரியைப் பார்த்தீர்களா? மரம் என்றால் இவ்வளவு பெரிசு. பலரும் செய்யும் தவறு, மரத்தைக் குட்டையாகச் செய்வதுதான். அப்புறம் ரயில் பூதம் மாதிரி தெரியும்.

இப்போது இன்னொரு கணக்கு. 88 கிலோமீட்டர் பாதையையும் இதே அளவில் செய்தால் எவ்வளவு நீளம் வரும்? ஒரு கிலோமீட்டருக்கு மேல்! அந்தப் பாதையில் கூம் என்ற ரயில் நிலையம் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 2,258 மீட்டர் உயரம். இந்தியாவிலேயே உயரமான ரயில் நிலையம் அது. அந்த உயரத்தை 76-ஆல் வகுத்தாலும் கிட்டத்தட்ட 30 மீட்டர். பத்து மாடிக் கட்டடம்!

நம்மிடம் இருப்பதோ 4 அடி நீளம், 2 அடி அகலமுள்ள ஒரு பலகை. அதன் நீளத்தில் அடங்குவது நிஜ மலையின் 93 மீட்டர் மட்டுமே. ஆகவே முழு மலைக்கும் ஆசைப்படாதீர்கள். ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வளைவு, ஓர் ஓடை, நாலு கடை போதும்.

தேவையான பொருட்கள்

பழைய பிளைவுட் பலகை அல்லது கெட்டியான அட்டைப்பெட்டி, டி.வி. பெட்டியில் வரும் தெர்மாகோல், செய்தித்தாள், மைதா, ஃபெவிகால், போஸ்டர் கலர், சலித்த மணல், மரத்தூள், காயவைத்த டீத்தூள், தேங்காய் நார், மெல்லிய கம்பி, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச், ஈர்க்குச்சி, எரிந்து அணைந்த தீக்குச்சிகள், நீல நிற சார்ட் பேப்பர் ஒன்று. அவ்வளவுதான். கத்தியால் வெட்டும் வேலையைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள்.

தண்டவாளம் போடலாமா?

பலகை மேல் அப்படியே தண்டவாளத்தை ஒட்டிவிடாதீர்கள். முதலில் பாதை போகும் இடத்தில் 8 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தெர்மாகோல் அடுக்குங்கள். ஏன் தெரியுமா? மலைப்பாதையின் ஒரு பக்கம் மலை உயரும். மறுபக்கம் பள்ளம் இறங்கும். தண்டவாளம் பலகையிலேயே படுத்துக் கிடந்தால் பள்ளத்துக்கு எங்கே போவது?

பாதை ஒரு பாம்பு மாதிரி மெதுவாக வளையட்டும். பெரிய தாம்பாளத்தைக் கவிழ்த்து அதன் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டால் அழகான வளைவு கிடைக்கும். பாதை மட்டமாகவே இருக்கட்டும். சுற்றிலும் மலை ஏறி இறங்கினால், ரயிலும் ஏறுவது போலவே கண்ணுக்குத் தெரியும்.

தீக்குச்சியின் கரிந்த தலையை நறுக்கிவிட்டு, 2 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். அதுதான் குறுக்குக் கட்டை. அதன் மேல் 9 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு இரண்டு ஈர்க்குச்சிகளை ஒட்டுங்கள். தண்டவாளம் ரெடி! பச்சை ஈர்க்கு என்றால் வளைவில் ஒடியாது.

சக்கரம் வைத்த விலை உயர்ந்த ரயில் வேண்டியதில்லை. அட்டையில் பெட்டி செய்து, அதன் அடியில் இரு முனைகளிலும் 8 மில்லிமீட்டர் அகலமுள்ள சின்ன அட்டைத் துண்டுகளை ஒட்டுங்கள். அவை இரு ஈர்க்குகளுக்கும் நடுவே வழுக்கி ஓடும். விரலால் தள்ளினால் முன்னே போகும், இழுத்தால் பின்னே வரும். டார்ஜிலிங் ரயிலும் அப்படித்தானே!

மறக்கக்கூடாத ஒரு விஷயம்

மலை கட்டும் முன் ஒரு சின்ன அட்டையை வெட்டிக்கொள்ளுங்கள். உங்கள் ரயில் பெட்டியை விட இரு பக்கமும் 5 மில்லிமீட்டர் அகலம் கூடுதல். உயரமும் 5 மில்லிமீட்டர் கூடுதல். இதுதான் காவல்கார அட்டை. மலை, பாறை, மரம், கடை எதுவானாலும் ஒட்டும் முன் இந்த அட்டையைப் பாதையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அட்டை இடித்தால் அந்தப் பொருள் தள்ளிப் போக வேண்டியதுதான்.

இதில் எனக்கு ஒரு சோகக் கதை உண்டு. ஏழாம் வகுப்பு படிக்கும்போது நான் கட்டிய முதல் மலை பிரமாதமாக வந்தது. மூன்று நாள் வேலை! நேர்ப்பாதையில் அளந்து பார்த்தேன். வளைவில் அளக்கவில்லை. தெருப் பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து ரயிலை விட்டேன். வளைவில் இருந்த பாறையில் 'டொக்' என்று இடித்து நின்றுவிட்டது. ஒரே சிரிப்பு! அழுதுகொண்டே பாறையை உடைத்தேன்.

ஏன் அப்படி ஆனது? நீளமான பெட்டி வளைவில் போகும்போது அதன் நடுப்பகுதி உள்பக்கமாக நகரும். இரண்டு முனைகளும் வெளிப்பக்கம் நீளும். ஆகவே வளைவில் மட்டும் இடைவெளி இன்னும் கொஞ்சம் அதிகம் வேண்டும். உங்கள் ரயிலில் எது மிக நீளமான பெட்டியோ, அதையும் வளைவில் ஓட்டிப் பாருங்கள். நிஜ ரயில்வேயிலும் இப்படி இடைவெளி அளந்துதான் சுவரும் நடைமேடையும் கட்டுகிறார்கள்.

மலை எழும்புது பார்!

தண்டவாளத்தின் மேல் காகிதத்தை ஒட்டி மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் பசை கொட்டி நாசமாகும்.

அட்டைப்பெட்டியை 2 சென்டிமீட்டர் அகல நாடாக்களாக வெட்டுங்கள். பாதையின் ஓரத்திலிருந்து பலகையின் ஓரம் வரை வளைத்து ஒட்டுங்கள். குறுக்கிலும் நாடாக்களைக் கோத்துப் பாய் பின்னுவது போல் பின்னுங்கள். இதுதான் மலையின் எலும்புக்கூடு. மேலே அழுத்தியும் தூக்கியும் பாருங்கள். பிடித்த வடிவம் வரும் வரை மாற்றலாம். காசா, பணமா!

மைதாவைத் தண்ணீரில் கரைத்து, பெரியவர் துணையோடு அடுப்பில் காய்ச்சிப் பசை செய்யுங்கள். செய்தித்தாளைக் கையால் கிழித்துப் பசையில் தோய்த்து, எலும்புக்கூட்டின் மேல் ஒட்டுங்கள். கத்தரியால் வெட்டினால் ஓரம் கோடாகத் தெரியும். கிழித்தால் தெரியாது. ஒரு அடுக்கு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த அடுக்கு. அவசரப்பட்டு மூன்றையும் ஒரே நாளில் ஒட்டினால் ராத்திரியே மலை தொப்பென்று அமுங்கிவிடும். கடைசி அடுக்குக்கு மட்டும் மைதாவுக்குப் பதில் ஃபெவிகால் பூசுங்கள். மைதா வாசனைக்குக் கரப்பான் பூச்சி விருந்துக்கு வரும்!

பாறைக்கு உயிர் வருவது நிழலால்

உடைத்த தெர்மாகோல், காய்ந்த மரப்பட்டை இரண்டும் அருமையான பாறைகள். பாதையின் மலைப்பக்கம் அவற்றை ஒட்டுங்கள். முதலில் முழுவதும் சாம்பல் நிறம் அடியுங்கள். காய்ந்ததும், கறுப்பு கலரில் நிறையத் தண்ணீர் கலந்து மேலிருந்து ஊற்றுங்கள். அந்தக் கறுப்புத் தண்ணீர் இடுக்குகளில் போய்த் தங்கும். அங்கே நிழல் விழுந்தது போல் இருக்கும்.

அது காய்ந்ததும், பிரஷ்ஷில் வெள்ளை கலந்த சாம்பலைத் தொட்டு, காகிதத்தில் துடைத்துவிட்டு, ஏறக்குறைய வெறும் பிரஷ்ஷால் பாறையின் விளிம்புகளை மட்டும் தடவுங்கள். வெயில் பட்டது போல் மின்னும். இரண்டே நிமிடத்தில் தெர்மாகோல், கருங்கல் ஆகிவிட்டது!

மண்ணும் பச்சையும்

தண்டவாளத்தின் நடுவே சலித்த மணலைத் தூவுங்கள். ஒரு பங்கு ஃபெவிகால், இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, அதில் ஒரு சொட்டு ஷாம்பு விடுங்கள். சொட்டு மருந்து விடும் குழாயால் மணல் மேல் மெதுவாக விடுங்கள்.

ஷாம்பு எதற்கு? தூசி மேல் தண்ணீர் விட்டால் முத்து முத்தாக உருண்டு நிற்கும் அல்லவா? தண்ணீரின் மேற்பரப்பு ஒரு தோல் மாதிரி இழுத்துப் பிடித்திருப்பதுதான் காரணம். ஷாம்பு அந்தப் பிடியைத் தளர்த்திவிடும். பசை மணலுக்குள் சட்டென்று இறங்கும். மறுநாள் தட்டிப் பார்த்தால் கல் மாதிரி இருக்கும்.

அடுத்து புல். மரத்தூளைப் பச்சை கலரில் ஊறவைத்துக் காயவையுங்கள். ஆனால் டப்பாவில் இருக்கும் பச்சையை அப்படியே போடாதீர்கள். ஜன்னல் வழியாக வெளியே பாருங்கள். எந்தப் புல்லாவது அத்தனை பளபளப்பாக இருக்கிறதா? கொஞ்சம் மஞ்சளும் கொஞ்சம் பழுப்பும் சேருங்கள். மூன்று நான்கு விதப் பச்சை செய்து கலந்து தூவுங்கள். நடுநடுவே மண் தெரியட்டும். மண்ணுக்குக் காய்ந்த டீத்தூளை விடச் சிறந்த பொருள் இல்லை. டார்ஜிலிங் மலைக்கு டீத்தூள், பொருத்தம்தானே!

தேயிலைத் தோட்டமும் மரங்களும்

பச்சை ஸ்பாஞ்சை 1 சென்டிமீட்டர் உயரத் துண்டுகளாக வெட்டி, சரிவில் வரிசையாக ஒட்டுங்கள். வரிசைகள் மலையைச் சுற்றிப் போக வேண்டும், மேலிருந்து கீழாக அல்ல. செடிகளின் தலை சமமாக இருக்கட்டும். தேயிலையைக் கையால் பறிப்பதற்கு வசதியாக இடுப்பளவில் கவாத்து செய்துவிடுவார்கள். வரிசைக்கு நடுவே ஆள் நடக்க வழி விடுங்கள். அங்கங்கே ஒரு நிழல் மரம்.

டார்ஜிலிங் பக்கம் 'தூபி' என்று ஒரு மரம் உண்டு. ஜப்பானிலிருந்து வந்த மரம். கூம்பு வடிவில் நெடுநெடுவென்று நிற்கும். அதைச் செய்ய இரண்டு மெல்லிய கம்பிகளுக்கு நடுவே தேங்காய் நாரைப் பரப்பி, கம்பியை முறுக்குங்கள். பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி ஆகும். கத்தரியால் மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் வெட்டுங்கள். பசை தடவிப் பச்சை மரத்தூளில் புரட்டுங்கள். மரம் ரெடி!

பின்னால் இருக்கும் மரங்களைக் கொஞ்சம் சின்னதாக, வெளிறிய பச்சையில் செய்யுங்கள். அதற்கும் பின்னால் நீல சார்ட் பேப்பரில் தூரத்து மலைகளை வரையுங்கள். தொலைவு போகப் போக நிறம் மங்கி நீலமாக வேண்டும். நடுவில் இருக்கும் காற்றில் ஒளி சிதறுவதால் நிஜ மலைகளும் அப்படித்தான் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளையாகக் கஞ்சன்ஜங்கா சிகரம். 8,586 மீட்டர் உயரம். உலகத்திலேயே மூன்றாவது பெரிய சிகரம் உங்கள் வீட்டு மேஜையில்!

உங்கள் மலை நிற்குமா?

இப்போது ஒரு முக்கியமான கேள்வி. நிஜமாகவே மழை பெய்தால் உங்கள் மலை நிற்குமா?

டார்ஜிலிங் பாதையில் 'பாக்லாஜோரா' என்று ஓர் இடம் இருக்கிறது. 'பைத்தியக்கார ஓடை' என்று அர்த்தம். மழைக்காலத்தில் அங்கே வெள்ளம் அப்படிப் பாயும். 2010-ல் அந்தப் பக்கம் பெரிய நிலச்சரிவு ஏற்பட்டு ரயில் பாதை அறுந்துபோனது. 2011-ல் திந்தாரியா என்ற இடத்தில் மீண்டும் சரிந்தது. கீழிருந்து டார்ஜிலிங் வரை முழுப் பாதையிலும் ரயில் மறுபடி ஓட 2015-ன் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நூறு வருடத்துக்கும் மேல் ஓடிய ரயில், சரிந்த மண்ணால் ஐந்து வருடம் முழு தூரம் ஓடவில்லை!

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். இரண்டு பழைய தட்டுகளில் மண் நிரப்புங்கள். ஒன்றில் வெந்தயம் அல்லது கடுகு விதைத்து, பத்து நாள் தண்ணீர் தெளித்து வளருங்கள். இன்னொன்று வெறும் மண். இரண்டையும் சாய்த்து வைத்து, மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலால் 'மழை' பொழியுங்கள். வடிகிற தண்ணீரைத் தனித்தனி டம்ளரில் பிடியுங்கள். எந்தத் தண்ணீர் சேறாக இருக்கிறது?

வெறும் மண் தட்டுதான் அதிகம் கரைந்திருக்கும். வேர் மேல்மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் நாள்கணக்கில் மழை பெய்து, தண்ணீர் ஆழமாக ஊறினால் மண் கனமாகும், வழுக்கும். அப்போது வேர் மட்டும் போதாது. தண்ணீர் வெளியேற வழியும் வேண்டும். அதனால் உங்கள் மலையில் இந்த நான்கும் இருக்கட்டும்:

1. பாதையின் மலைப்பக்கம் ஒரு சின்ன வடிகால். மேலிருந்து வரும் தண்ணீர் தண்டவாளத்தில் ஏறாமல் ஓரமாக ஓடிவிடும்.

2. ஓடை குறுக்கிடும் இடத்தில் பாதைக்கு அடியில் ஒரு சிறுபாலம். பஞ்சை மெல்லிய இழையாகப் பிரித்து ஃபெவிகாலில் நனைத்து ஒட்டினால் வெள்ளை அருவி. மேலிருந்து வந்து, பாலத்துக்கு அடியில் நுழைந்து, பள்ளத்தில் இறங்க வேண்டும்.

3. பள்ளத்துப் பக்கம் ஒரு தடுப்புச் சுவர். அட்டையில் கற்களை வரைந்து ஒட்டலாம். சுவரில் சின்னச் சின்ன ஓட்டைகள் போட மறக்காதீர்கள். அழகுக்கு அல்ல! சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் அந்த ஓட்டைகள் வழியாக வெளியேறாவிட்டால், சுவரையே தள்ளிச் சாய்த்துவிடும். அடுத்த முறை ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ பஸ்ஸில் போகும்போது, மலைப்பாதைச் சுவர்களில் இந்த ஓட்டைகளைத் தேடிப் பாருங்கள்.

4. செங்குத்தான சரிவில் மரங்களும் புதர்களும் நெருக்கமாக.

பார்க்க வருகிறவர்கள் மரத்தையும் அருவியையும் பார்த்து "அழகா இருக்கே!" என்பார்கள். வடிகாலையும் ஓட்டையையும் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் மலையைப் பிடித்து நிறுத்துவது அவைதான் என்று உங்களுக்குத் தெரியும்.

கடைத்தெருவில் ரயில்

கர்சியாங் என்ற ஊரில் இந்த ரயில் கடைத்தெரு வழியாகவே போகிறது. கை நீட்டினால் கடைச் சாமானைத் தொடலாம், அவ்வளவு பக்கம்! நீங்களும் பழைய தபால் அட்டையில் நாலு கடை செய்யுங்கள். வாசற்கதவு 26 மில்லிமீட்டர். நினைவிருக்கிறதா? ஒட்டும் முன் காவல்கார அட்டையை ஓட்டிப் பாருங்கள். கடை இடிக்கக்கூடாது, ஆனால் இடிக்கப் போவது மாதிரி இருக்க வேண்டும்!

எல்லாமே புத்தம் புதிதாக இருந்தால் பொம்மைக் கடை மாதிரி தெரியும். கூரையில் கொஞ்சம் துருப்பிடித்த நிறம், சுவரின் அடியில் சேறு, கொடியில் காயும் துணி, கதவருகே ஒரு நாய். ரயில் பாதையை ஒட்டியே ஒரு தார்ச்சாலையும் போகட்டும். அங்கே சாலையும் ரயிலும் அண்ணன் தம்பி மாதிரி கூடவே போகும், அடிக்கடி ஒன்றையொன்று குறுக்கே கடக்கும்.

கடைசியாக மனிதர்கள். 22 மில்லிமீட்டர் உயரத்தில் கம்பியும் காகிதமும் வைத்துச் செய்யுங்கள். இரண்டு பேரை மட்டும் இன்ஜினுக்கு முன்னால் உட்காரவையுங்கள். அவர்கள் யார் தெரியுமா? மழையில் தண்டவாளம் வழுக்கும் அல்லவா? அப்போது சக்கரம் சுற்றும், ரயில் நகராது. அதனால் நீராவி இன்ஜினின் முன்பக்கம் உட்கார்ந்து, கையாலேயே தண்டவாளத்தில் மணல் தூவுவார்கள். பொம்மை ரயில் என்கிறோம், ஆனால் அதில் எத்தனை பேருடைய உழைப்பு பாருங்கள்!

ஊரைக் காப்பாற்றிய மாடல்

"இதெல்லாம் விளையாட்டுதானே?" என்று யாராவது கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

ராய் இங்லண்ட் என்பவர் 1925-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தார். அங்கே ஒரு பள்ளத்தாக்கில் இருந்த பழைய கூரை வீடுகள் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயின. ஆனால் அவர் கண் முன்னாலேயே அவை ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருந்தன. வீடுகளைக் காப்பாற்ற அவரால் முடியவில்லை. அதனால் என்ன செய்தார்? ஒவ்வொரு வீடாக அளந்து, அப்படியே மாடல் செய்ய ஆரம்பித்தார். அதே 76-ல் ஒரு பங்கு அளவில்தான்! 1954-ல் அது பெண்டன் மியூசியம் ஆனது. 1920, 30-களில் அந்த ஊர்கள் எப்படி இருந்தன என்று இன்றைக்கும் அங்கே போய்ப் பார்க்கலாம்.

நம் ஊரிலும் மாறிப்போன ரயில் பாதைகள் உண்டு. செங்கோட்டையிலிருந்து மலையைக் கடந்து கேரளத்தின் புனலூருக்குப் போன மீட்டர் கேஜ் ரயில் 2010-ல் நின்றது. 2018-ல் அதே வழியில் அகலப்பாதை ரயில் வந்துவிட்டது. நல்லதுதான், ஆனால் பழைய குட்டி ரயிலில் போனவர்களின் நினைவு அவர்களுடனேயே இருக்கிறது.

அதனால் டார்ஜிலிங் மலையை முடித்ததும் தாத்தா, பாட்டியிடம் போய் உட்காருங்கள். "உங்க ஊர் ரயில்வே ஸ்டேஷன் அப்போ எப்படி இருந்தது? எந்தப் பக்கம் மரம் இருந்தது? டீக்கடை எங்கே?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல ஒரு காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள். வேப்பமரம் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று தாத்தாவுக்கும் பாட்டிக்கும் சண்டைகூட வரலாம்!

அடுத்த மாடலுக்கு வேறு படம் எதற்கு? அந்தக் காகிதம் போதும். முடித்ததும் அவர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஈர்க்குச்சித் தண்டவாளத்தில் உங்கள் அட்டை ரயில் அந்த ஸ்டேஷனுக்குள் நுழையும்போது, தாத்தா முகத்தைக் கொஞ்சம் பாருங்கள்.

சரி குட்டீஸ், பசை காய்ச்ச அம்மாவைக் கூப்பிடுங்கள். ரயில் கிளம்ப நேரமாச்சு!